இடது கையில் கரண்டி

1

முதலிலேயே ஒத்துக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை, கதை எழுதுவதற்கென்று ஒதுக்கிய நேரத்தில் எழுதப்பட்டதல்ல. பிளாஸ்டர் இறுகும் நேரத்தில் எழுதப்பட்டது.

நான் பல் செட் செய்யும் கூடத்தில் வேலை பார்க்கிறேன். நோயாளியின் வாயில் எடுத்த அச்சைப் பல் டாக்டர்கள் எங்களுக்கு அனுப்புவார்கள். அதில் பிளாஸ்டரைக் கரைத்து ஊற்றினால், முகம் தெரியாத யாரோ ஒருவருடைய தாடை வெள்ளையாக என் கைக்கு வரும். அதன்மேல் மெழுகு வைத்துப் பல் அடுக்குவது என் வேலை. ஊற்றிய பிளாஸ்டர் இறுகும்வரை அதைத் தொடக்கூடாது, ஆட்டக்கூடாது. நாள் முழுக்க என்னுடையது என்று நான் சொல்லிக்கொள்ளக்கூடிய நேரம் அது ஒன்றுதான்.

அந்த நேரத்தில் நான் தாடைத் தசைகளின் பெயர்களை மனப்பாடம் செய்திருக்க வேண்டும். தேர்வு வருகிறது. இல்லையென்றால் சைகை மொழி வகுப்பில் சொல்லிக்கொடுத்ததைப் பழகிப் பார்த்திருக்க வேண்டும். இரண்டையும் விட்டுவிட்டு இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். எனக்கே என்மேல் எரிச்சலாகத்தான் இருக்கிறது.

வேலை, படிப்பு, புதிதாக ஒரு மொழி. மூன்றையும் ஒருத்தி எப்படிச் சமாளிக்கிறாள் என்று உற்சாகமாக ஒரு கதை எழுதலாம் என்பதுதான் எண்ணம். படிக்கிறவர்களுக்கு உபயோகமாக இருக்கும். எழுதி முடித்தால் எனக்கும் எப்படி என்று தெரிந்துவிடும் அல்லவா? அந்த ஆசையில்தான் தொடங்கினேன். ஆனால் எழுத உட்கார்ந்த உடனே

பிளாஸ்டர் இறுகிவிட்டது. வருகிறேன்.

2

தொடக்கம், முதல் முயற்சி:

"எல்லோரும் அவளைக் கச்சிதம் என்றுதான் கூப்பிட்டார்கள். பேருந்தில் பாடம் படித்தாள். பகலில் வேலை பார்த்தாள். மாலையில் வகுப்புக்குப் போனாள். எதற்கும் அவள் பிந்தியதே இல்லை. ஒவ்வொரு நாளும் படுக்கும்போது நிம்மதியாக"

அடித்துவிட்டேன். பேருந்தில் எப்படிப் படிப்பாள்? உட்கார இடம் கிடைத்தால்தானே? ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையில் பையையும் புத்தகத்தையும் வைத்துக்கொண்டு, மூன்றாவது கையால் பக்கத்தைப் புரட்டுவாளா?

இரண்டாம் முயற்சி:

"நேரம் என்பது"

இப்படித் தொடங்குகிற எதையும் நானே படிக்க மாட்டேன். உங்களைப் படிக்கச் சொல்ல எனக்கு என்ன உரிமை இருக்கிறது?

சரி, கச்சிதமே இருக்கட்டும் என்று அவளை வைத்து ஒன்றிரண்டு பக்கம் ஓட்டினேன். அதை மேஜையில் வைத்துவிட்டுத் துணி காயப்போடப் போயிருந்தேன். திரும்பி வந்தால் என் வீட்டுக்காரர் அதைப் படித்துக்கொண்டிருக்கிறார்.

"இந்தக் கச்சிதத்துக்கு வீட்டுக்காரர் இல்லையா?" என்றார்.

மறந்துவிட்டேன். சத்தியமாக மறந்துவிட்டேன். அவளுக்கு வேலைக்கு நேரம் ஒதுக்கினேன். படிக்க, வகுப்புக்குப் போக, குளிக்க, சாப்பிட, செருப்புத் தைக்கக்கூட ஒதுக்கினேன். ஒரு புருஷனை வைக்கத் தோன்றவில்லை.

"இனிமேதான் வருவார்" என்றேன்.

"வந்து என்ன பண்றது? அவகிட்ட ஏது நேரம்?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் சுருக்கென்றது.

3

ஆகவே ஒரு வீட்டுக்காரரை எழுத வேண்டும். கற்பனை செய்ய நேரமில்லாததால் என்னுடையவரையே எடுத்துக்கொள்கிறேன். அப்படியானால் கச்சிதத்துக்கு இங்கே வேலை இல்லை. அவளை அனுப்பிவிட்டேன். கவலைப்படாதீர்கள், அவளைப் போன்ற ஆளுக்கு எந்தக் கதையிலும் இடம் கிடைக்கும்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். லிஃப்ட் கதவில் காதை வைத்தாலே உள்ளே எது தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். [இதை "முன்பெல்லாம் சொல்லிவிடுவார்" என்று திருத்த வேண்டும். அப்புறம் செய்கிறேன்.]

கொஞ்ச காலமாக, நான் பேசும்போது அவர் என் கண்ணைப் பார்க்காமல் வாயைப் பார்த்தார். எனக்கு மேல்வரிசையில் ஒரு பல் கோணல். ஊருக்கெல்லாம் வரிசையாகப் பல் அடுக்கிக் கொடுக்கிறவளுக்குக் கோணல் பல் என்பது எங்கள் கூடத்தில் பழைய கிண்டல். அதைத்தான் பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

"கல்யாணத்தப்பவே பாத்திருக்கணும், இப்ப மாத்தித் தர முடியாது" என்றேன், கையால் வாயைப் பொத்திக்கொண்டு.

"என்ன?"

கையை எடுத்துவிட்டு மறுபடியும் சொன்னேன். வாய்விட்டுச் சிரித்தார். எனக்கு ஏதோ உறுத்தியது. சும்மா, மறுபடி வாயைப் பொத்திக்கொண்டு, "நாளைக்கு மழை வருமாம்" என்றேன்.

"என்னம்மா?" என்றார்.

அந்த வாரமே அவரைக் காது டாக்டரிடம் கூட்டிப்போனேன்.

காது டாக்டர் பூசி மெழுகாமல் சொல்லிவிட்டார். கேட்கும் சக்தி போய்க்கொண்டிருக்கிறது, போனது திரும்பாது, கருவி கொஞ்ச காலம் தாங்கும், பிறகு அதுவும் உதவாது. எவ்வளவு காலம் என்று யாராலும் சொல்ல முடியாது. "ரெண்டு பேரும் சேர்ந்து சைகை மொழி கத்துக்கங்க, இப்பவே" என்றார். இவர் தலையாட்டினார். வெளியே வந்ததும், "நீ வேணா போ. எனக்கு இன்னும் கேக்குது. கேக்காதப்ப பாத்துக்கலாம்" என்றார்.

"கேக்காதப்ப எப்படிங்க கத்துக்கறது?"

"அப்பதான் வேலை இருக்காதே. நேரம் நெறைய இருக்கும்."

நான் மட்டும் போய்ச் சைகை மொழி வகுப்பில் சேர்ந்தேன்.

4

இந்த இடத்தில் வாசகருக்கு ஒரு கேள்வி வரும். இவ்வளவு பாரத்துக்கு நடுவில் படிப்பு எதற்கு, அதைத் தள்ளிப்போடக்கூடாதா? கூடாது. தேர்வில் தேறாதவர்கள் இனிப் பல் அடுக்கக்கூடாது, பிளாஸ்டர் கரைக்கலாம், கழுவலாம், துடைக்கலாம் என்று புது விதி வந்திருக்கிறது. நான் ஏற்கெனவே இரண்டு தடவை கோட்டை விட்டவள். இன்னும் ஒரே ஒரு வாய்ப்புதான் தருவார்கள். அவருடைய வேலையும் இழுபறியில் இருக்கிறது. லிஃப்ட் பக்கமே விடாமல் அரை நாள் ஆபீஸில் உட்கார வைத்துவிட்டு மதியம் அனுப்பிவிடுகிறார்கள். இந்த வீட்டில் ஒருவராவது ஒழுங்காகச் சம்பாதிக்க வேண்டும்.

அதனால் கால்மேல் வெந்நீரைக் கொட்டிக்கொண்டதுபோல் ஓடினேன். கூடம், வகுப்பு, வீடு, புத்தகம். மாலையில் நான் உள்ளே நுழைந்ததும் அவர் கேட்பார்: "நேரம் இருக்கா?"

"எதுக்குங்க?"

"சும்மா, பேசத்தான்."

"அப்புறம்ங்க."

கதை எழுதுகிறவளாக இதைப் படித்துப் பார்க்கிறேன். மனைவியாகப் பார்க்க முடியவில்லை. காது கேட்காத மனிதரோடு பேசக் கற்றுக்கொள்வதற்காக, காது கேட்கிற மனிதரை "அப்புறம்" என்று சொல்லிச் சொல்லி நகர்த்திக்கொண்டிருந்திருக்கிறேன். இன்னும் கொஞ்ச காலம்தான் என்று டாக்டர் சொன்ன அந்தக் கொஞ்ச காலம் இதுதான். இதை எழுதும்போதும் அது போய்க்கொண்டுதான்

(ஒரு நிமிடம். முதலாளியம்மா வருகிறார்.)

5

சைகை மொழி ஆசிரியைக்குப் பிறவியிலேயே காது கேளாது. வாயையே திறக்க மாட்டார். ஆனால் அவரைப் போல ஒரு வாயாடியை நான் பார்த்ததில்லை. அவர் கையால் சொன்னதை நான் இங்கே வாயால் சொன்னதுபோல எழுதுகிறேன்.

ஒருநாள் என்னை எழுப்பி நிறுத்திக் கேட்டார்: "இடது கையை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டாயா?"

விஷயம் இதுதான். பழகுவதற்கென்று எனக்குத் தனி நேரம் கிடையாது. பேருந்தில் நின்றுகொண்டே பழகினேன், இடது கை கம்பியைப் பிடித்திருக்கும். கூடத்தில் பழகினேன், இடது கையில் யாருடைய தாடையாவது இருக்கும். வீட்டில் அடுப்பு முன்னால் பழகினேன், கரண்டி இடது கைக்கு மாறியிருக்கும். வலது கைக்கு மட்டும் மொழி வந்தது. வீடு என்பதற்கு இரண்டு கையையும் கூரைபோல் சாய்த்துச் சேர்க்க வேண்டும். நான் பாதிக் கூரையோடு நிறுத்திவிடுவேன். நேரம் என்பதற்கு வலக்கை விரலால் இடது மணிக்கட்டைத் தட்ட வேண்டும். அடுப்படியில் நான் கரண்டிக் காம்பைத் தட்டித் தட்டிப் பழகியிருந்தேன். வகுப்பில் கரண்டி இல்லை. வெறும் காற்றைத் தட்டிக்கொண்டு நின்றேன். எல்லோரும் சிரித்தார்கள், சத்தமில்லாமல், உடம்பு குலுங்க.

"வேறு வேலை பார்த்துக்கொண்டே பேசினால் இங்கே நடக்காது" என்றார் ஆசிரியை. "பேசும்போது பேச மட்டும்தான் முடியும்."

நான் இன்னொன்று கேட்டேன். என் வீட்டுக்காரரை நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "ஏங்க" என்பேன். சமையலறையிலிருந்து, குளியலறையிலிருந்து, மாடியிலிருந்து, எங்கே இருந்தாலும் "ஏங்க". இதற்குச் சைகை என்ன?

ஆசிரியை எழுந்து வந்தார். மேஜைகளுக்கு நடுவே நடந்து என் அருகில் வந்து, தோளைத் தொட்டார். அவ்வளவுதான்.

யோசித்துப் பார்த்தேன். அவரைக் கூப்பிட வேண்டுமென்றால் கையில் இருப்பதை வைத்துவிட்டு, அவர் இருக்கும் இடத்துக்கு நடந்து போய், தொட வேண்டும். ஒவ்வொரு தடவையும். ஐயோ, அதற்கு எவ்வளவு நேரம் ஆகும் என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. அந்த நினைப்புக்காக என்னை நானே ஓங்கி அறைந்துகொள்ளலாம்போல் இருந்தது.

6

தேர்வுத் தேதியை அறிவித்துவிட்டார்கள். சனிக்கிழமை காலை. அறிவிப்பு வந்த மாலையே நான் குழாயைத் திறந்துவிட்டுப் பாத்திரம் கழுவிக்கொண்டே, "ஏங்க, சனிக்கிழமை காலைல பரீட்சை" என்றேன். திரும்பிப் பார்த்தேன். தலையாட்டினார்.*

மறுநாள் வகுப்பில், கடைசி வகுப்பும் அதே சனிக்கிழமை காலை என்றார்கள். அவரவர் யாரோடு பேசப்போகிறார்களோ அவரை அன்றைக்குக் கூட்டி வர வேண்டும். அதற்குப் பிறகு ஆசிரியை வேறு ஊருக்குப் போகிறார். எனக்குப் பெரிய கவலை ஒன்றும் வரவில்லை. இவர்தான் வரப்போவதில்லையே. சும்மா சீண்டிப் பார்க்க, இந்தத் தடவை நேருக்கு நேர் நின்று சொன்னேன். "சனிக்கிழமை எல்லாரும் அவங்கவங்க ஆளக் கூட்டிட்டு வருவாங்களாம்." "பாக்கலாம்" என்றார். அவர் பார்க்கலாம் என்றால் மாட்டேன் என்று அர்த்தம், இத்தனை வருஷமாக.

* அவர் தலையாட்டினால் காதில் விழுந்தது என்று நினைத்தேன். காதில் விழாததை மறுபடி கேட்டுக் கேட்டு என்னைத் தொந்தரவு செய்யக்கூடாது என்பதற்காகத் தலையாட்டுகிறார் என்பது பிறகுதான் தெரிந்தது. வாசகர் இதை இங்கேயே தெரிந்துகொள்வது நல்லது.

7

[இந்தப் பகுதியை நான்கு விதமாக எழுதிப் பார்த்தேன். மற்றவற்றில் என்னைக் கொஞ்சம் நல்லவளாகக் காட்டியிருந்தேன். இது நடந்தது நடந்தபடி.]

வியாழக்கிழமை மதியம் கூடத்தில் மின்சாரம் போய்விட்டது. சாணை ஓடாது, மெழுகு உருகாது. வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். சாவி போட்டுத் திறந்து உள்ளே வந்தேன். அவருக்குக் கேட்கவில்லை.

சமையலறையில், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஜன்னல் கண்ணாடி முன் நின்றிருந்தார். அடுப்பு அணைந்திருந்தது. அதன்மேல் பாத்திரமும் இல்லை. ஆனால் இடது கையில் கரண்டியை நட்டுக்குத்தலாகப் பிடித்திருந்தார். வலது கையால் பாதிக் கூரை போட்டார். வீடு. பிறகு கரண்டிக் காம்பை விரலால் இரண்டு தட்டுத் தட்டினார். நேரம். கண்ணாடியில் தெரிந்த முகத்தில் அப்படியொரு சிரத்தை, பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்கப் போகிற பிள்ளையைப் போல.

எனக்குச் சிரிப்பு பீறிட்டது. சத்தமாகவே சிரித்தேன். அவர் திரும்பவில்லை. அப்புறம் அந்தச் சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை, அழுதுகொண்டு நின்றேன். அதுவும் அவருக்குக் கேட்கவில்லை. கண்ணாடியில் என் உருவம் அசைந்ததைப் பார்த்துத்தான் திடுக்கிட்டுத் திரும்பினார்.

"எப்ப வந்த?"

நான் கிட்டே போனேன். "கரண்டி எதுக்குங்க?"

"அதப் பிடிக்கணும்ல? நீ பிடிச்சுக்கிட்டுதான பேசுவ?"

"அது... நான் கிண்டிக்கிட்டிருந்தேன்."

"கிண்டாதப்பவும் பிடிச்சிருப்பியே." கரண்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அப்ப இது பாஷையில இல்லையா?"

இல்லை என்று தலையாட்டினேன். அவருக்கு வெட்கமாகிவிட்டது. ஆனாலும் கரண்டியைக் கீழே வைக்கவில்லை.

"எப்பங்க கத்துக்கிட்டீங்க?"

"நீ தினம் அடுப்பு முன்னாடி நின்னு பண்ணுவியே, பின்னாடி உக்காந்து பாத்துக்கிட்டே இருப்பேன். வார்த்தைய நீ முணுமுணுக்கறது ஜன்னல் கண்ணாடியில தெரியும். உனக்குத்தான் திரும்ப நேரமில்ல."

"சொல்லியிருக்கலாம்ல?"

"சரியா வந்தப்புறம் சொல்லலாம்னு இருந்தேன். சனிக்கிழம வரேன். உன் டீச்சர் ஏதாவது கேட்டா முழிப்பேனோன்னு பயம், அதான்."

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். சனிக்கிழமைதான் பரீட்சை, அன்னைக்கே சொன்னேனே, நீங்க தலையாட்டினீங்களே என்று. வாயைத் திறந்தேன். அவர் கண் உடனே என் வாய்க்கு இறங்கியது. என்னால் முடியவில்லை. சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். "பரீட்சைக்குப் போ, இது கெடக்குது" என்பார். கரண்டியைக் கழுவி ஆணியில் மாட்டுவார். அதோடு சரி, இனி யார் கூப்பிட்டாலும் கிளம்ப மாட்டார். மனிதரை எனக்குத் தெரியாதா?

வாயை மூடிக்கொண்டேன். கரண்டியோடு சேர்த்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். வெகு நாளுக்குப் பிறகு எதற்கும் ஓடாமல் நின்றேன் என்பதை மட்டும் எழுதிவைக்கிறேன்.

8

இதுவரை நடந்தது. இனி முடிவு வேண்டும். வெள்ளிக்கிழமை பிளாஸ்டர் இறுகும் ஒவ்வொரு இடைவெளியிலும் ஒரு முடிவு எழுதினேன்.

தேர்வைத் தள்ளிவைத்துவிட்டதாகச் செய்தி வருகிறது. இருவரும் கைகோத்து வகுப்புக்குப் போகிறார்கள். (இது கச்சிதத்தின் கதையில் நடக்கும். எனக்கு எந்தக் காலத்தில் எது தள்ளிப்போயிருக்கிறது?)

அவள் தேர்வுக்குப் போகிறாள். பாதி எழுதிக் கொடுத்துவிட்டு ஓடிவருகிறாள். வகுப்பு முடிந்து, நாற்காலிகளை அடுக்கியிருக்கிறார்கள். ஒரே ஒரு நாற்காலியில் மட்டும் அவர், மடியில் கரண்டியோடு (இதை முடிக்க முடியவில்லை. முடித்திருந்தால் கூடத்தில் எல்லோர் முன்னாலும் அழுதிருப்பேன்.)

அவள் தேர்வை விட்டுவிட்டு வகுப்புக்குப் போகிறாள். அவர் பாதிக் கூரை போடுகிறார், இவள் மறு பாதியைச் சேர்க்கிறாள். அழகான காட்சி. பிறகு அடுத்த மாதம் முதல் இன்னொருத்தி பல் அடுக்க, இவள் பிளாஸ்டர் கரைத்த கிண்ணத்தைக் கழுவுகிறாள். அவர் ஒருநாள் விஷயத்தைத் தெரிந்துகொண்டு, "என்னாலயா?" என்கிறார். (அழகான காட்சியை எழுதுகிறவர்கள் அந்த அடுத்த மாதத்தை எழுத மாட்டார்கள். நான் எழுதிப் பார்த்துவிட்டேன். அதுதான் தொல்லை.)

உண்மையைச் சொல்லிவிடுகிறாள். அவர்

இந்த முடிவில் அவரை என்ன பேச வைத்தாலும் பொய்யாக வருகிறது. என் வீட்டுக்காரரை எனக்குத் தெரியாதா என்று மேலே வீராப்பாக எழுதினேனே, அந்த வரியை இப்போது சந்தேகப்படுகிறேன். பின்னால் உட்கார்ந்து இத்தனை நாள் கற்றுக்கொண்டிருந்தவரைத் தெரியாமல்தானே இருந்திருக்கிறேன்.

9

சனிக்கிழமை காலை. சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். வகுப்புக்கும் தேர்வு மையத்துக்கும் தனித்தனிப் பேருந்து, எதிரெதிர்ப் பக்கம். தாடைத் தசைகளின் பெயர்கள் எல்லாம் நினைவில் இருக்கின்றன. சைகைகளும் இருக்கின்றன, இரண்டு கையாலும். நேற்று இரவு முழுக்க எதையும் பிடித்துக்கொள்ளாமல் பழகினேன்.

அவர் வருகிறார். கல்யாணத்துக்குப் போவதுபோல் சட்டை இஸ்திரி போட்டிருக்கிறார். பாஷையில் இல்லை என்று சொல்லியும் கரண்டியை எடுத்துக்கொண்டிருக்கிறார். அது இல்லாமல் வலது கைக்கு எதுவும் நினைவுக்கு வரவில்லையாம். நேற்றே சொன்னார்.

எதிரே உட்காருகிறார். நான் எழுதுவதை நிறுத்தவில்லை. நிமிர்ந்தால் சொல்ல வேண்டியிருக்கும்.

எழுந்து மேஜையைச் சுற்றி வருகிறார். என் தோளைத் தொடுகிறார்.

இதை நான் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவே இல்லை. அடுப்பு முன்னால் பழகியதும் இல்லை. அடுப்பின் தோளை யார் தொடுவார்கள்?

நிமிர்கிறேன். கரண்டிக் காம்பை இரண்டு தட்டுத் தட்டி, புருவத்தை உயர்த்திக் கேட்கிறார். நேரம் இருக்கா?

பார்த்துக்கொண்டே எழுதுகிறேன், வரி கோணலாகப் போகிறது, மன்னிக்கவும். சொல்ல வேண்டியது எனக்குத் தெரியும். தேர்வு, இன்று, தண்ணீர்ச் சத்தம், பயம், எல்லாவற்றுக்கும் சைகை தெரியும். சொன்ன பிறகு அவர் என்ன சொல்வார், எந்தப் பேருந்து என்று எனக்குத் தெரியாது. அந்த முடிவை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். அவர் காத்துக்கொண்டிருக்கிறார். பதில் சொல்ல இரண்டு கையும் வேண்டும், அதனால் பேனாவை